இரண்டு பம்ப், ஒரு வாளி

அரூர் பஸ்ஸின் கண்டக்டர் நீட்டிய பார்சலை வாங்கிக்கொண்டபோது முருகேஷுக்குத் தப்பான எண்ணம் துளிகூட இல்லை. பிரித்துப் பார்த்த பிறகுதான் வந்தது.

தருமபுரியில் திறக்கப்போகும் அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு நாற்பது கம்ப்யூட்டர்கள். எல்லாமே உள்ளே தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கிற ரகம். அந்தத் தண்ணீரைத் தள்ளும் உள்ளங்கை அளவு பம்பை யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி. அதியமான்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முருகேஷ் ஒரு கம்பெனியின் பம்பை விற்கிறான். அரூர் குரு வேறொரு கம்பெனியுடையதை.

"ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றுவிட்டாள் ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் பொறுப்பைப் பார்க்கும் கோகிலவாணி.

"நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களேண்ணா, என்னோடதையும் சேர்த்துக் கொடுத்துருங்க" என்று குரு அனுப்பிய பார்சல்தான் அது. போட்டிக்காரனையே நம்பிப் பொருளைக் கொடுத்தனுப்பும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் முருகேஷ் கடையை மூட வேண்டியதுதான். மூடினால் பாப்பாரப்பட்டியில் மாமனார் கருப்பண்ணனின் போர்வெல் மோட்டார் கடையில் மறுபடியும் வேலை. ஏற்கனவே ஆறு வருஷம் அங்கே குப்பை கொட்டியவன். "மாப்ள, அந்த ஸ்பேனரை எடுங்க" என்று ஊரார் முன்னால் மாமனார் ஏவுவதை இன்னொரு தடவை கேட்க அவன் தயாராக இல்லை.

அந்தக் கடையில் அவன் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். எந்த மோட்டாரானாலும் குழாயில் தண்ணீர் கொட்டுகிற வேகத்தைப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடலாம். தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாளியை வைத்து இரண்டு பம்பையும் ஓட்டினான். குருவின் பம்ப் நாற்பது விநாடியில் வாளியை நிரப்பியது. அவனுடையது ஒன்றேகால் நிமிடம் எடுத்துக்கொண்டது.

இரண்டு பம்பின் கூடும் ஒரே அளவு. நாலு நாலு ஸ்க்ரூதான். கால் மணி நேரத்தில் மோட்டார்கள் இரண்டும் கூடு மாறின. 'சித்திரை வெயிலில் அந்த நாற்பது கம்ப்யூட்டரும் என்ன ஆகும்?' என்று கேட்ட மனசாட்சியை, முதலில் ஆர்டர் வரட்டும் என்று அடக்கினான்.

மறுநாள் ஸ்டுடியோவில் கோகிலவாணி பம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டுலயும் ஸ்க்ரூ கீறியிருக்குதே?"

"தூசியா இருந்துச்சுங்க மேடம். தொடச்சு வெச்சேன்."

"கழட்டித் தொடச்சீங்களா?"

"எதையும் உள்ள வரைக்கும் தொடச்சாத்தாங்க எனக்குத் திருப்தி."

அவள் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைக் குறித்துக்கொண்டாள். ஏசி அறையிலும் முருகேஷுக்கு முதுகு நனைந்தது.

"ஒண்ணுல எண்பது டிகிரி. இன்னொண்ணுல அறுபத்திரெண்டுதான். கிட்டவே வர முடியாதுங்க" என்றாள்.

அப்பாடா! ஸ்க்ரூவைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை. மனைவி அம்பிகாவுக்குப் போன் போட அவனுக்குக் கை பரபரத்தது.

"வெறும் குழாயில கொட்டறத வெச்சு ஏமாந்துடக் கூடாதுங்க" என்று தொடர்ந்தாள் கோகிலவாணி. "இங்க தண்ணி முடி அளவுக்கு இருக்கற இடுக்குலயெல்லாம் நுழைஞ்சு போகணும். அதுக்குத் தள்ளற பலம் வேணும். அந்தப் பலம் குரு பம்புலதான் இருக்குது. ஆர்டர் அவருக்குத்தாங்க."

முருகேஷ் வெளியே வருவதற்குள் குருவே போனில் கூப்பிட்டுவிட்டான். "மேடம் சொன்னாங்கண்ணா! எல்லாம் நீங்க கொண்டுபோய்க் கொடுத்த கை ராசி!"

எண்பது டிகிரியில் தோற்ற மோட்டாரை எடுத்துவிட்டு, தன் கடை மோட்டாரைக் குருவின் கூட்டுக்குள் வைத்து நாலு ஸ்க்ரூவையும் இறுக்கியது அந்தக் கைதான்.