முதல் வேஷம்

"யாருடா அது, என் புள்ளைக்குப் பூ வைக்க வந்தவன்?"

கூடத்தில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் வாயைப் பிளந்தார்கள். முடி அவிழ்ந்து முகத்தில் விழ, கண்ணை உருட்டிக்கொண்டு நடுவீட்டில் ஆடிக்கொண்டிருந்தாள் சுசித்ரா. பிளஸ் ஒன் படிக்கிற பெண். இப்போதுதான் தலையைக் குனிந்தபடி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுப் போனவள்.

அம்மா கோவிந்தம்மாள் வேப்பிலை பறிக்க வெளியே ஓடினாள். அப்பா தீர்த்தகிரி பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எந்தத் தாயி வந்திருக்கீங்க?"

"மாரிடா! பதினாறு வயசுப் புள்ளைக்குக் கல்யாணம் கேக்குதா உனக்கு?"

"கல்யாணம் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தாயி. இப்ப பூ மட்டும்..."

"பூவும் வேணாம், புடவையும் வேணாம்! எடுத்துக்கிட்டுக் கெளம்பச் சொல்லு!"

உண்மையைச் சொன்னால் சாமியும் வரவில்லை, பூதமும் வரவில்லை. அத்தனையும் நடிப்பு. சுசித்ராவுக்கு நடிகையாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் ஒரு நாடகக் குழு புதுசாக ஆள் எடுக்கிறது. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அந்த நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் கேட்டாள். "கூத்தாடப் போறியா? மானத்த வாங்காத" என்றவர், கையோடு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். மனுஷர் அசையவில்லை. சரி, என் பேச்சைத்தானே கேட்க மாட்டீங்க, சாமி பேச்சைக் கேப்பீங்க இல்ல என்று துணிந்துவிட்டாள். நடிப்புக் கற்றுக்கொள்வது எப்படி என்று செல்போனில் நாலு நாள் பார்த்த வீடியோக்களில் ஒரே ஒரு பாடம்தான் மனதில் நின்றது. நடுவில் என்ன நடந்தாலும் வேஷத்தைக் கலைக்காதே.

வேலை செய்தது! மாப்பிள்ளை தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலில் தன் செருப்பு எங்கே என்று எட்டிப் பார்த்தான்.

"வேற என்ன வேணும் தாயி? சொல்லுங்க, செஞ்சுடறேன்" என்றார் தீர்த்தகிரி.

அந்தச் சந்தோஷத்தில்தான் சுசித்ரா கொஞ்சம் ஓவராகப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கெழம காலைல என்னத் தர்மபுரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்!"

"தர்மபுரில எந்தக் கோயிலுக்குத் தாயி?"

கோயில் பெயர் எதையும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல!"

"சாமிக்கு எதுக்கு பஸ் ஸ்டாண்டு?"

கேட்டது ராஜாமணி. மாப்பிள்ளையின் பெரியம்மா. அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தவள்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. "எங்கண்ணி பாக்கட்டுங்க. முப்பது வருசமா எங்கூர்ல சாமியாடறவங்க. அவங்க வாக்கு இல்லாம நாங்க ஒரு போர்வெல்கூடப் போடறதில்ல. இது நெசமா வேஷமான்னு நிமிசத்துல சொல்லிடுவாங்க."

செத்தோம் என்று நினைத்தாள் சுசித்ரா. ஆனால் ஆடுவதை நிறுத்தவில்லை.

ராஜாமணி எழுந்து வந்தாள். பூஜைத் தட்டிலிருந்து சூடத்தை எடுத்து ஒரு வெற்றிலையில் வைத்துக் கொளுத்தினாள்.

"நெசமான மாரின்னா இத உள்ளங்கையில வாங்கு."

சூடம் தகதகவென்று எரிந்தது. விளையாட்டு இல்லை, கை வெந்துவிடும். கையை இழுத்தாலோ குட்டு உடைந்துவிடும். இன்றைக்கே பூ வைத்துவிடுவார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, நடிப்பும் கிடையாது. வாழ்நாள் பூராவும் இதே போல நாலு பேருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெந்தால் வேகட்டும் போ!

"குடுடி!" என்று கையை நீட்டினாள். நீட்டிய கையை இழுக்கவே இல்லை.

ராஜாமணி அவள் கண்ணையே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, எரிகிற சூடத்தைத் தன் கையிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏய்ய்!"

கூரை அதிர்ந்தது.

"அக்கா தங்கச்சி ஏழு பேருல மூத்தவ வந்திருக்கேன்டா! என் தங்கச்சி சொன்னதுக்கு எதிர்ப்பேச்சா? தூக்குங்கடா தட்ட! இந்தப் புள்ள படிச்சு முடிச்சு, அவளா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் ஒருத்தனும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது! தீர்த்தகிரி! ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல இவளத் தர்மபுரிக்குக் கூட்டிக்கிட்டுப் போற!"

"உத்தரவு தாயி, உத்தரவு!" தீர்த்தகிரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் பூவையும் பழத்தையும் வாரிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். விழுந்தவர் எழுந்து, மன்னிப்புக் கேட்டபடியே அவர்கள் பின்னால் ஓடினார். வேப்பிலையோடு வந்த கோவிந்தம்மாளும் அவர் பின்னாலேயே ஓடினாள்.

சுசித்ரா ஆட்டத்தை நிறுத்திவிட்டு ராஜாமணியையே பார்த்தாள். பொய்யாகக் கூப்பிட்டதற்கு உண்மையிலேயே வந்துவிட்டாளா? தப்புப் பண்ணிவிட்டேன் தாயே என்று ராஜாமணியின் காலில் விழக் குனிந்தாள்.

ராஜாமணி அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவள் காதருகே குனிந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல தடுமாறிட்டியேடி கழுத! என்னையும் பதினாறுலதான் கட்டி வெச்சாங்க. இந்த முப்பது வருசமா நானும் இப்படித்தான் ஆடறேன், இல்லாட்டி எங்க வூட்டுல எவன் என் பேச்சக் கேட்டான்? ஞாயித்துக்கெழம தர்மபுரின்னதுமே புரிஞ்சுபோச்சு. அந்த நாடக நோட்டீஸ நானும் படிச்சேன். அம்பது வயசுக்காரிங்களச் சேத்துக்குவாங்களான்னு கேட்டு, எனக்கு ஒரு போன் போடு."