பொத்தானில் நின்ற சொல்

“ஒரு பொத்தானுக்கு ஒரு மாசமா, ஒட்வர்?” ஓஸ்லோ அலுவலகத்தில், சிக்ரிட் அவன் மேசைமேல் வாஃபிள் பலகாரத் தட்டை வைத்தாள்.

பேச முடியாத நோயாளிகளுக்கான மென்பொருள் அது. பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரியும்; தேர்ந்தெடுத்த வாக்கியத்தைக் கணினி பேசும். ஆனால் அந்த வாக்கியம் பிறகும் பொத்தானின் முகப்பிலேயே நின்றுவிடுகிறது; ஒட்வர் சரிசெய்ய வேண்டிய பிழை அதுதான்.

“ஒரே ஒரு வரி சேத்தா சரியாயிடும். கை வலிக்குதா உனக்கு?”

“நாளைக்குப் பண்றேன்.”

“தினமும் இதே பாட்டு! தள்ளு, நானே பண்றேன்.” திரையைப் பார்த்துச் சிரித்தாள். “‘நீ போய்த் தூங்கு’. சோதனைக்குப் போட்டதா? உனக்குப் பொருத்தம்தான்!”

அவள் மவுஸைத் தொட்டதும் ஒட்வர் பதறினான். “இந்த லேப்டாப்புல வேணாம். மாத்தினா அது அழிஞ்சிடும்.”

“அழிஞ்சா என்ன?”

“இது மாரிட்டோடது. ஆஸ்பத்திரியில அவ கடைசியா அழுத்தினது அதுதான். நானும் தூங்கப் போயிட்டேன்.”

போன மாதம் அவன் மனைவி மாரிட்டின் அடக்கத்துக்கு வந்தவள் சிக்ரிட். கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

லேப்டாப்பில் சார்ஜ் குறைந்திருந்தது. குனிந்து வயரைச் செருகினாள்.

“என் கம்ப்யூட்டர்ல மாத்திக்கறேன்,” என்றாள். “நீ வாஃபிளச் சாப்பிடு.”