நாலு பேருக்குக் குழம்பு

முதல் வாய்ச் சோற்றை அப்பா அப்படியே தட்டில் துப்பினார்.

"இன்னாடி இது, கடல் தண்ணிய மோந்துகினு வந்து ஊத்துனியா?"

உப்பு. கருவாட்டை நான் அலசியிருப்பேன் என்று அம்மா நினைத்தாள். அம்மா அலசிவிட்டாள் என்று நான் குழம்பில் போட்டேன். போதாததற்கு ஆளுக்கொரு கை உப்பு வேறு.

திட்டு மட்டும் எனக்கு.

அம்மாவின் கவலை அப்பாவைப் பற்றி இல்லை. அதே குழம்பைத்தான் காலையில் பெரிய தூக்குச்சட்டியில் நிரப்பி, தம்பி சுதாகர் கையில் கொடுத்து, மறைமலைநகருக்கு பஸ் ஏற்றியிருந்தாள். அவனோடு ரூமில் இருக்கும் மூன்று பசங்களுக்கும் சேர்த்து.

"அந்தப் பசங்க இன்னா நெனைப்பானுங்க, மானமே போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் இதே கூத்து. துரைக்கு அங்கே கூட்டாளிகளோடு கும்மாளம். முகம் தெரியாத அந்தத் தடிமாடுகளுக்கு இங்கே நான் வெங்காயம் உரிக்க வேண்டும். வந்தால் எங்களோடு இரண்டு வார்த்தை பேசுவானா? போனைப் பார்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். பெரிய மனுஷனாகிவிட்டான், நாமெல்லாம் கண்ணுக்கே தெரியவில்லை என்று அவன் காதுபடவே திட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். குழம்பு எப்படி என்று அம்மா பயந்துகொண்டே கேட்டாள்.

"செம சூப்பரும்மா. பசங்களுக்குள்ள ஒரே சண்ட. சட்டிய வழிச்சி நக்கிட்டானுங்க."

அப்பா சிரித்தார். ஒரு குறை சொன்னானுங்களா பார், தங்கமான பசங்க என்றார். அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீந்த குழம்பை நான் வெளியே கொட்டியபோது, தெரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அந்தக் குழம்பை அங்கே ஒருத்தன்கூட வாயில் வைக்கவில்லை. இவனும்தான்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனோடு வாசலுக்கு வந்தேன். அவன்மேல் கோபமா, எங்கள்மேலா, தெரியவில்லை.

"யார்ரா சண்ட போட்டது? பேரு சொல்லு."

"எல்லாரும்தான்க்கா" என்றான்.

"ஒரே ஒருத்தன் பேரு சொல்லுடா, எரும!"

கத்திவிட்டேன். அவன் மூச்சு விடுவது கேட்டது. கூடவே இருக்கும் மூன்று பேரில் ஒரு பேரைச் சொல்ல யோசித்தான்.

"டவர் இல்லக்கா" என்றான்.

பக்கத்தில் நின்று பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.