பன்னிரண்டாவது முட்டல்

போலந்தின் போஸ்னான் நகரில், நகர மண்டபக் கோபுரத்தில் இரண்டு தகர ஆடுகள் இருந்தன. முன்னொரு காலத்தில் சமையல்காரன் ஒருவன் விருந்துக்கான மான்கறியைக் கருகவிட்டு, பதிலுக்கு இரண்டு ஆடுகளைப் பிடித்துவர, அவை கோபுரத்தில் ஏறித் தப்பித்தனவாம். தப்பித்த லட்சணம், அவற்றின் நினைவாகச் செய்த இந்தத் தகர ஆடுகள் தினமும் நண்பகலில் மணியோசைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை முட்டிக்கொள்ள வேண்டும்.

“உங்களைப் பார்க்கக் கூட்டம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. அந்த முகங்களைப் பார்க்கணுமே!” என்றது, கீழே கசகசா ரொட்டித் துணுக்குகளைத் தின்றுவிட்டு வந்த புறா.

இடது ஆட்டுக்கு ஆசை வந்தது. “இத்தனை வருஷமா உன் நெற்றியைத்தான் பார்க்கிறேன். இன்னைக்குக் கடைசி முட்டுக்குத் திரும்பிப் பார்த்துடறேன்டா.”

“முட்டலைன்னா கழற்றிப் போட்டுடுவாங்கடா!”

பன்னிரண்டாவது மணியோசைக்கு இடது ஆடு திரும்பிக்கொண்டது. வலது ஆடு காற்றை முட்டியது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே எல்லோரும் ரொட்டிக் கடைக்கு நகர்ந்தார்கள்.

“முகமெல்லாம் எப்படிடா இருந்துச்சு?”

“எல்லா முகத்துக்கும் முன்னால ஒரு போன் இருந்துச்சு,” என்றது இடது ஆடு. “நாளைக்கு உன் நெற்றியையே பார்த்துக்கறேன். கொஞ்சம் மெதுவா முட்டு.”