கேட்காமல் எதுவும் போகாது

"இருக்கறதுலயே கடுமையான ஃபயர்வாலைப் போடு தம்பி. என்னைக் கேக்காம எதுவும் வெளியே போகக் கூடாது."

கணவன் சொன்னபடியே, மனைவி பயன்படுத்தும் கணினியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் அதைப் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையிலேயே கணினி கேட்டது: பெயர் தெரியாத ஒரு புரோகிராம் எதையோ வெளியே அனுப்பப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா? பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டது.

கணவன் மனைவியை முடியைப் பிடித்து இழுத்து வந்தான்.

"எவனுக்குடி அனுப்புறே?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

கீபோர்டை எடுத்து அவள் முகத்தில் அடித்தான். எழுத்துகள் கழன்று தரையெங்கும் சிதறின. கணினி அடுத்த முறை கேட்டபோது அவள் விரலைப் பின்பக்கமாக மடக்கி முறித்தான். அவள் அலறினாளே தவிர, பெயர் எதுவும் சொல்லவில்லை.

மெக்கானிக்கை வரவழைத்தான்.

"யாருக்குப் போகுதுன்னு பாத்துச் சொல்லு. இன்னிக்கு ரெண்டு பேரையும் தீத்துடறேன்."

சுவரோரம் கிடந்தவளைப் பார்க்காமல் மெக்கானிக் உட்கார்ந்து தேடினான்.

"சார், இது உங்க மெயிலுக்குத்தான் போகுது. அக்கா கம்ப்யூட்டர்ல என்ன பண்றாங்கன்னு பாக்கணும்னு, போன வாரம் நீங்கதானே இதைப் போடச் சொன்னீங்க?"

கணவன் குனிந்து, திரையில் இருந்த தன் மெயில் முகவரியைப் படித்தான்.

"தடுத்துடவா சார்?"

"வேணாம், அது ஓடட்டும். அவ இன்னும் யாருன்னு சொல்லலையே."