ஐம்பது நாள் பயத்தங்காய்

"கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறதை மட்டும் பாத்து எங்கட ஆக்கள் விதையை எடுக்கமாட்டினம் டொக்டர். செய்த ஆளே நேரை பதில் சொல்லவேணும்," என்றான் துஷாந்த்.

விதை வங்கியில் வேலை அவனுக்கு. ஸ்ரௌவ்வில்லிலிருந்து ரொறன்ரோவின் வோபர்னுக்கு வர ஒரு மணி நேரம் ட்ராஃபிக்கில் கிடந்தும் முகத்தில் சலிப்பில்லை. பின்னே? சாதாரணப் பயத்தங்காய் ரொறன்ரோவில் காய்க்கத் தொடங்கும்போதே பனி வந்து கொன்றுவிடும். இந்த வீட்டு வளவில் உருவானதோ ஐம்பதே நாளில் காய்க்கிறது, உரமும் கேட்பதில்லை. பக்கத்துச் சமூகத் தோட்டத்திலிருந்து போன கோடையில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் ஃபூட் பாங்குக்கு வாரம் ஆறு பெட்டி போனதாம். விதை வங்கி எடுத்துக்கொண்டால் நாடு முழுக்கப் பரவும். எடுக்காவிட்டால் பதினொரு வருட உழைப்பு பிரிட்ஜில் இருக்கும் இரண்டு போத்தலோடு முடிந்தது.

அமிர்தநாதருக்கு வயது எழுபத்துநாலு. சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவருடைய மனைவி கிளடிஸ். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டதாம். சமையல், மருந்து, குளிப்பாட்டல் எல்லாம் அமிர்தநாதர்தான். துஷாந்துக்குப் பாவமாக இருந்தது.

"இந்தக் கலப்பிலை தாய்ச் செடி எது?"

"எங்கட நீட்டுப் பயத்தங்காய். தகப்பன் குட்டைக் கௌபிப் பயறு."

டக், டக். கிளடிஸ் இடது கையிலிருந்த கரண்டியால் நாற்காலியைத் தட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி." அமிர்தநாதர் எழுந்து போய் மனைவியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். கரண்டியை மடியில் வைத்து, கிளடிஸின் இடது விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, அவை கோடு இழுத்து ஓயும்வரை குனிந்து நின்றார். துஷாந்த் நாகரிகமாகத் தன் ஃபோனைப் பார்த்தான்.

"மாறிச் சொல்லிப்போட்டன். குட்டைதான் தாய்," என்று திரும்பி வந்து சொன்னார்.

துஷாந்த் வெட்டி எழுதினான். வயசு போனால் யாருக்கும் தடுமாற்றம் வரும்தானே.

எந்த வருடம் எத்தனை செடி, எவற்றைக் கழித்தது, மண்ணுக்கு என்ன போட்டது என்று கேள்விகள் நீண்டன. மனிதர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எத்தனையாம் தலைமுறையில் குணம் நிலைத்தது என்று கேட்டபோது எட்டு என்றார். மறுபடி கரண்டிச் சத்தம். மறுபடி எழுந்து போனார், வந்து ஏழு என்று திருத்தினார். அன்ரிக்கு ஏலாமல் இருக்கிறது போல, இன்னொரு நாள் வரட்டுமா என்று துஷாந்த் கேட்டும் பார்த்தான். இன்றைக்கே முடித்துவிடலாம் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

கடைசியாக, இந்த இனத்தில் என்ன குறை என்று கேட்டான். தன் பிள்ளையின் குறையை யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்? அமிர்தநாதர் ஒளிக்காமல் சொன்னார். மழை கூடினால் இலையில் புள்ளி விழும், நெருக்கி நடக்கூடாது. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே சத்தமில்லை. கிளடிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். அமிர்தநாதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"காணும் டொக்டர், எல்லாம் சரி. விதையை எடுக்கிறம்." துஷாந்த் படிவத்தை நீட்டினான். "உருவாக்கினவர் எண்ட இடத்திலை சைன் வையுங்கோ."

அமிர்தநாதர் படிவத்தை வாங்கிக்கொண்டு நேரே சக்கர நாற்காலிக்குப் போனார். ஒரு புத்தகத்தின் மேல் அதை விரித்து, பேனாவை மனைவியின் இடது கையில் கொடுத்தார்.

துஷாந்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. முந்தி வேறை விதை வங்கியிலையிருந்து வந்தவை, இவவுக்குக் கதைக்க ஏலாது எண்டதும் எழும்பிப் போயிட்டினம். அதுதான் இவவின்ர கொப்பியளை ஆறு மாசமாப் பாடமாக்கினனான்," என்றார் அமிர்தநாதர். "நான் முப்பது வருசம் பஸ் ஓட்டினனான். டொக்டர் இவதான்."