பதினேழாம் குப்பி

பத்தொன்பது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவள் மறுபடி பார்த்தாள். திரையில் எண் மாறுவதாக இல்லை.

மற்ற நரிகளுக்கெல்லாம் ஒழுங்காக இரண்டு, நான்கு, மூன்று என்று வந்திருக்கிறது. ஒரு கிழட்டு நரிக்கு எட்டு. பதினேழாம் குப்பியில் இருக்கும் ரத்தத்துக்கு மட்டும் பத்தொன்பது வயது.

காட்டு நரி பத்தைத் தொடுவதே அபூர்வம்.

செல்லுக்குள் இருக்கும் மரபு இழையின் நுனியில் ஒரு காப்பு உண்டு. டெலோமியர் என்று பெயர். செருப்பின் குதிகால் மாதிரி நாள்பட நாள்படத் தேயும். மிச்சத்தை அளந்தால் விலங்கின் வயதைச் சொல்லிவிடலாம். அப்படித்தான் ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உலகத்திலேயே மூத்த நரி என் கையில், என்று ஒரு நிமிடம் பூரித்துப் போனாள்.

அடுத்த நிமிடமே சந்தேகம் வந்தது.

மறுபடி ஓட்டினாள். பத்தொன்பது.

இது நரிதானா?

முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. இப்போது பார்த்தாள்.

மனித ரத்தம்.

கையுறை கிழிந்து தன் ரத்தமே விழுந்துவிட்டதோ என்று பதறினாள். ஒப்பிட்டாள். அவளுடையது இல்லை. வேறு யாரோ ஒரு பெண்ணுடையது.

ஒரு குப்பி தப்பு என்றால் மற்றவை?

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் நரி பிடிக்கும் குழுவில் பெண் என்று ஒருவர்தான் உண்டு. பூங்காவனம். இருளர் குடியிருப்பிலிருந்து வருபவர். நரி வளைகளைக் காட்டிக் கொடுப்பது அவர் வேலை.

வண்டி ஓட்டும் தணிகாசலத்தைக் கூப்பிட்டாள். போன் கை மாறியது.

"ஆமா மேடம், என்னுதுதான்."

ஒளிக்கவே இல்லை. இதற்கா இவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டாய் என்கிற குரல்.

பதினேழாவது நரி ஊசி போடும் முன்பே கூண்டிலிருந்து ஓடிவிட்டதாம். எண் ஒட்டிய குப்பி சும்மாக் கிடந்ததாம். அந்த நேரம் பார்த்துக் கருவேல முள் விரலில் ஏறியதாம். போகிற ரத்தம் வீணாகப் போவானேன் என்று அதில் சொட்டவிட்டாராம்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, ரத்தத்துல வயசு தெரிஞ்சுடும்னு. மனுசனுக்குமான்னு கேட்டேன். ஆமான்னீங்க."

சொன்னாள்தான். பேச்சுவாக்கில் சொன்னது.

பூங்காவனத்துக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. ஆதார் முகாமில் போட்டோ எடுத்தவன் அவர் தலைமுடி கறுப்பாக இருப்பதைப் பார்த்தான், வாய்க்கு வந்த வருடத்தைப் போட்டான். அந்தக் கணக்கில் அவருக்கு இன்று ஐம்பத்திரண்டு. முதியோர் உதவித்தொகைக்கு அறுபது ஆக வேண்டும். தாலுகா ஆபீசில் அட்டையைப் பார்த்துவிட்டு, போய் அப்புறம் வா என்கிறார்கள். நரி வேலையும் இந்த மாதத்தோடு சரி. முட்டி மடங்காமல், வளைக்கு முன்னால் குப்புறப் படுத்துத்தான் உள்ளே பார்க்கிறார். அவரை இனி யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை.

"எத்தினி வந்துச்சு மேடம்?"



அவளிடம் இருப்பது நரிக்கான கணக்கு. மனிதருக்கான கணக்கு இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் பத்து வருடம் முன்னே பின்னே இழுக்கும். போதாததற்குப் பசியும் பயமும் நோயும் கூட அந்த நுனியைத் தேய்க்கும். இந்தத் தேய்மானத்தில் வயது எவ்வளவு, மற்றது எவ்வளவு?

ஒருவேளை ஆதாரில் போட்டவன் சரியாகத்தான் போட்டானோ? நிஜமாகவே ஐம்பத்திரண்டுதானோ?

ஐம்பத்திரண்டிலேயே இவ்வளவு தேய்ந்துவிட்டார் என்றால் அது இன்னும் மோசம் இல்லையா?

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எதைச் சொன்னால் பொய், எதைச் சொன்னால் துரோகம் என்றே தெரியவில்லை.

"பத்தொன்பதுன்னு காட்டுதும்மா. ஆனா அது நரிக் கணக்கு."



"நரிக்குப் பத்தொன்பதுன்னா இன்னா மேடம்? கிழமா, குட்டியா?"

"அவ்ளோ வயசுக்கு எந்த நரியும் இருக்காதும்மா. அதுக்கு ரொம்ப முன்னாடியே செத்துடும்."

உப்பளத்துக் காற்று போனுக்குள் இரைந்தது.

"அப்போ அதையே எழுதிக் குடுங்க."

கேட்டது கிடைத்துவிட்ட மாதிரி போனைத் தணிகாசலத்திடம் கொடுத்துவிட்டார். அடுத்த கூண்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டதாகத் தணிகாசலம் சொன்னார்.

பதினேழாம் குப்பியைத் தள்ளிவிட்டு மற்றவற்றை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். முறை அதுதான்.

அவள் ஆய்வகத்தின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை உருவினாள். தாசில்தார் அவர்களுக்கு, என்று எழுதினாள். பூங்காவனம் அவர்களின் வயது, என்று எழுதினாள்.

பேனா நின்றது.

வயது என்ற சொல்லை மட்டும் அடித்தாள். அதற்குப் பதிலாக அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.